செப்புக் கதவுக்குள் ஒரு தொலைபேசி வேண்டி

அனுப்புநர்:
கண்ணாடி பொருத்துபவரின் மனைவி,
கண்ணாடிப் பட்டறை வீடு,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அவசர அழைப்பு மையம்.

பொருள்: மின்னல் விழுந்த அன்று பாதியில் அறுந்த என் அழைப்பு – காப்பறைக்குள் தொலைபேசி அமைத்தல் – பணியிடை நீக்கம் செய்யப்பட்ட பெண் பணியாளருக்கு ஒரு நிமிட அனுமதி – வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் பதில் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் வீட்டுக்காரர் சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழில் செய்தவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சென்ற மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், அவர் மேசையிலிருந்து தூக்கிய பெரிய கண்ணாடி நடுவில் உடைந்து அவர் தொடையைக் கிழித்துவிட்டது. தங்கள் மையத்தை அழைத்தேன். உடனே ஒரு பெண் எடுத்தார். அந்தக் குரலை இன்றும் ஆயிரம் பேர் நடுவில் அடையாளம் சொல்வேன்.

2. நான் போட்ட கூச்சலில் என் வீட்டு முகவரி எனக்கே மறந்துவிட்டது. அவர் பதறவில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு, தண்ணீர்த் தொட்டியை வைத்து இடத்தைக் கண்டுகொண்டார். போனைத் தரையில் வைக்கச் சொன்னார், துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்தச் சொன்னார். துண்டு நனைந்துவிட்டதே, எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். “எடுக்காதீங்க அக்கா. நான் சொல்ற வரைக்கும் கையை எடுக்கவே எடுக்காதீங்க. இதோ வண்டி அனுப்புறேன். நான் லைன்லயேதான் இருக்கேன்” என்றார். அடுத்த கணம் தூரத்தில் பெரிய இடி இடித்தது. அதன் பிறகு போனில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

3. அந்த இடி விழுந்தது தங்கள் மையத்துக் கோபுரத்தில் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விசாரணை அறிக்கையைப் படித்த பொறியாளர் ஒருவர் எனக்குப் புரியும்படி விளக்கினார். மின்னலின் கேடு கம்பி வழியாக மட்டும் வருவதில்லையாம். காற்றிலேயே ஒரு மின்காந்தத் துடிப்பு பரவி, தொடாமலே கருவிகளைக் கருக்கிவிடுமாம். அதற்காகத்தான் தங்கள் அழைப்பறைக்கு நாலு சுவரிலும் தகடு அடித்து, கதவு விளிம்பு முழுக்கச் செப்புப் பட்டை வைத்திருக்கிறார்கள். மூடியிருந்தால்தான் அது காப்பறை. கொஞ்சம் திறந்திருந்தாலும் மற்ற அறைகளைப் போல அதுவும் ஓர் அறைதான். அன்று அந்தக் கதவு ஒரு தண்ணீர்க் கேனை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. மாற்றுக்கு வாங்கிய கருவியையும் அதே அறையில் வைத்திருந்ததால், இரண்டும் சேர்ந்தே கருகின. என் வீட்டுக்கு வர வேண்டிய வண்டிக்குத் தகவல் போகவே இல்லை.

4. கதவு ஏன் திறந்திருந்தது என்பதையும் அந்த அறிக்கை ஒரு வரியில் சொல்கிறது. கதவை மூடினால் உள்ளே கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அந்தப் பெண்ணின் கைக்குழந்தைக்கு அன்று காய்ச்சல். வீட்டிலிருந்து தகவல் வந்தால் தெரிய வேண்டுமே என்று கேனை வைத்திருக்கிறார். அவர் மட்டுமல்ல, எல்லா முறைப் பணியாளர்களும் எப்போதும் அப்படித்தான் வைப்பார்களாம். ஊர் முழுவதற்கும் அவசரம் என்றால் அழைக்க எண் உண்டு. அந்த எண்ணை எடுப்பவர்களை அவர்கள் வீட்டார் அழைக்க மட்டும் வழியில்லை. இதைக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையா, ஐயா?

5. எய்தவர் இருக்க அம்பை நோவது போல, தாங்கள் அந்தப் பெண்ணைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறீர்கள். கதவுக்குப் புதுப் பூட்டும், “திறக்காதே” என்று ஒரு பலகையும் வைத்திருக்கிறீர்கள். தண்ணீர்க் கேனையும் பறிமுதல் செய்ததாகக் கேள்விப்பட்டேன். நல்லது. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதைப் பலகை நிறுத்தாது. நாளைக்கு இன்னொருத்தி செருப்பை வைப்பாள்.

6. இதைப் பற்றி முன்பு எழுதியதற்கு, “குறிப்பிட்ட நாளில் தங்களிடமிருந்து அழைப்பு எதுவும் பதிவாகவில்லை” என்று பதில் வந்தது. பதிவுக் கணினியும் கருகிவிட்டதால் நான் அழைக்காதவள் ஆகிவிட்டேன். அழைக்காதவளுக்கும் பதில் போட்ட தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. நேரில் வந்தபோது வாயிற்கதவருகே காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்த குரலை வைத்தே அந்தப் பெண்ணை அடையாளம் கண்டேன். விசாரணைக்கு வந்திருந்தார். நான் பேசியதும் குரலை வைத்துத் தெரிந்துகொண்டார். முகம் வெளுத்துவிட்டது. “பாதிக்கப்பட்டவங்ககிட்ட பேசக்கூடாதுன்னு உத்தரவும்மா” என்று காவலாளிதான் சொன்னார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

7. நடந்ததையும் பதிவு செய்கிறேன். போன் அடங்கிய பிறகும் நான் அழுத்திக்கொண்டேதான் இருந்தேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எதையும் பார்க்கவில்லை. கொழுந்தனார் சரக்கு இறக்கிவிட்டு வந்து, “விடுங்க அண்ணி” என்று என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் கையை எடுத்த பிறகு உயிர் போனதா, அதற்கு முன்பே போனதா என்று இன்றுவரை தெரியவில்லை. “முன்னாடியே போயிட்டார் அண்ணி” என்கிறார் கொழுந்தனார். தெரிந்து சொல்கிறாரா, என்னைத் தேற்றச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. வானம் இருண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறேன், யாரையும் அழைப்பதில்லை. காலையில் கண் விழிக்கும்போது இரண்டு உள்ளங்கைகளும் தலையணையை அழுத்திக்கொண்டிருக்கின்றன.

8. ஆகவே தங்களிடம் வேண்டுவது:

அறைக்குள் வீட்டார் அழைக்க ஒரு தொலைபேசி வையுங்கள். செப்புக் கம்பிக்குப் பதில் கண்ணாடி இழையான ஒளியிழை வழியாகக் கொண்டுவந்தால் அந்தத் துடிப்பு உள்ளே நுழையாது என்று பொறியாளர் சொல்கிறார். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும்படி இரட்டைக் கதவு போடுங்கள். மாற்றுக் கருவியை வேறு கட்டடத்தில் வையுங்கள். மறுபடியும் மழைக்காலம் வருகிறது.

அந்தப் பெண்ணைப் பணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் மேல் புகார் இல்லை.

கடைசியாக ஒன்று. பேசக்கூடாது என்ற உத்தரவை ஒரு நிமிடம் தளர்த்தி, அவர் என்னைத் தொலைபேசியில் அழைக்க அனுமதி தாருங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம், விளக்கம் சொல்ல வேண்டாம். “போதும் அக்கா, கையை எடுங்க” என்று மட்டும் சொல்லட்டும். அவர் சொல்லாமல் என்னால் எடுக்க முடியவில்லை, ஐயா.

நாள்: செப்டம்பர் 3
இடம்: கண்ணாடிப் பட்டறை வீடு

தங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கண்ணாடி பொருத்துபவரின் மனைவி