பாலத்துக் கிழவியை வெட்டியவருக்கு

என்னங்க,

டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு பிரிட்ஜில இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. சிங்க் குழாயைச் சரிபண்ண ஆள் வருவார். "நானே பாத்துக்கறேன்"னு வீராப்பா திருப்பி அனுப்பிடாதீங்க.

நேத்து நான் குளிக்கப் போன நேரம் பார்த்து, கேம்ல அந்தப் பாலத்துக் கிழவியை வெட்டிட்டீங்க. "சூனியக்காரி, ஊரை மூழ்கடிக்க வந்தவ"ன்னு நியாயம் வேற. காலைல போட்டுப் பார்த்தேன். பாலமே தண்ணிக்குள்ள போயிடுச்சு. அவ ஊரை மூழ்கடிக்க வரலைங்க, இத்தனை நாளும் ஆத்தைத் தடுத்து நிறுத்திட்டிருந்தா. அவளைத் தொடாதீங்கன்னு முன்னாடியே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?

சாயங்காலம் வந்ததும், அவ உயிரோட இருந்தப்போ கேமை சேவ் பண்ணி வெச்ச இடத்துக்கே திரும்பப் போகப்போறேன். அதுக்கப்புறம் உங்களுக்குக் கிடைச்ச வெள்ளிக் கவசம் போயிடும். போகட்டும். அவளைக் காப்பாத்தாம விடமாட்டேன். நீங்களும் பக்கத்துல வந்து உக்காருங்க.

சாவி ஷூ ஸ்டாண்ட் மேல.

பி.கு.: வெட்டுறதுக்கு முன்னாடி அவ எல்லாத்தையும் சொல்லித்தான் இருப்பா. நீங்க வழக்கம்போல பட்டனைத் தட்டித் தட்டி அவ பேச்சைத் தாண்டியிருப்பீங்க. நான் பேசும்போது "சரி, சரி"ங்கறீங்களே, அதுவும் அதே பட்டன்தான்.