நேராக விழுந்த கால்சட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா சுகம், தையல்கடை சுகம், உன் மகள் சுண்டெலியும் சுகமாகி வருகிறாள். அதென்ன “சுகமாகி வருகிறாள்” என்று உனக்குத் திக்கென்று இருக்கும், உடனே போனை எடுப்பாய். எடுக்காதே, முழுதும் படித்துவிட்டு எடு. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் மழுப்பிவிடுவேன், நம் இருவர் புத்தியும் தெரிந்ததுதானே. அதனால்தான் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வெட்டுமேசை மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். அவள் வழக்கம்போல மேசைக்கடியில் துண்டுத் துணிகளுக்கு நடுவில் தூங்குகிறாள்.

நீ வேலைக்காக அவளை எங்களிடம் விட்டுப் போனபோது ஒன்றே முக்கால் வயது, இப்போது மூன்று. போன குளிரிலேயே அவள் கால்கள் முழங்காலிலிருந்து வெளிப்பக்கமாக வளைவதைக் கண்டுபிடித்துவிட்டேன். கண்ணால் அல்ல, டேப்பால். கால்சட்டைக்கு அளவெடுத்தபோது வெளிநீளமும் உள்நீளமும் ஒத்துவரவில்லை. கணுக்கால்களைச் சேர்த்து நிறுத்தினால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் என் நான்கு விரல் தாராளமாகப் போனது. அந்த நிமிஷமே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பத்தைந்து வருஷமாகச் செய்வதையே செய்தேன். தோள் இறங்கியவருக்குத் தோளில் பஞ்சு வைப்பேன், தொந்திக்காரருக்கு மடிப்பு விடுவேன், அவர்களும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தக் கை சும்மா இருக்குமா? வெளித்தையலை வளைத்து வெட்டி, கீழே அகலம் விட்டு, கனத்த துணியில் தைத்தேன். உள்ளே கால் எப்படி இருந்தாலும் துணி நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது. அதே வெட்டில் ஐந்து தைத்தேன், எனக்குப் பெருமை வேறு. சின்னப் பிள்ளைக் கால், வளர வளரச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்குச் சொன்னால் அங்கே உட்கார்ந்து அழுவாய், வேலை கெடும் என்றும் நினைத்தேன்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவளைப் பார்த்து, என் தங்கம் எவ்வளவு நேராக நிற்கிறது என்று நீ பூரித்துப் போனாய், நினைவிருக்கிறதா? போனை வைத்ததும் உன் அம்மா என்னைப் பார்த்து, “நேரா நிக்கிறது துணிங்க, பிள்ளை இல்ல” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சில நாளாகவே கவனித்திருக்கிறாள். மாடிப்படியில் பாதி ஏறியதும் குழந்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுமாம். நான் அதைச் செல்லம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். மறுநாள் காலையிலேயே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தடுப்பூசிக்குப் போனோம் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய்.

எலும்பு டாக்டர் உன் வயதுப் பெண். முதல் வேலையாக நான் தைத்த கால்சட்டையைக் கழற்றச் சொன்னார். பிறகு மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். அதுவும் வீங்கின மாதிரி தடித்திருந்தது, அது மட்டும் என் டேப்புக்குத் தெரியவே இல்லை. எக்ஸ்ரேயில் முழங்கால் எலும்பின் முனை, ஓரம் அடிக்காத துணி போலப் பிசிறு பிசிறாக இருந்தது. இரத்தமும் பார்த்துவிட்டு, இது ரிக்கெட்ஸ், வைட்டமின் டியும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்து எலும்பு கெட்டிப்படாமல் உடம்பு பாரத்துக்கு வளைகிறது என்றார். இரண்டு வயது வரை கால் கொஞ்சம் வளைந்திருப்பது சகஜம்தானாம், இது அந்த வகை இல்லையாம். குழந்தை பகலெல்லாம் எங்கே இருக்கும் என்று கேட்டார். தெருவில் வண்டி அதிகம், கண்ணெதிரே இருக்கட்டும் என்று மேசைக்கடியில், டியூப்லைட் வெளிச்சத்தில் என்றேன். பாலைத் துப்புகிறாள் என்று பிஸ்கட்டும் தேநீருமாகவே ஓட்டியதை உன் அம்மா சொன்னாள். டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மருந்து தவறாமல் போகிறது. தயிர், முட்டை, மீன் எல்லாம் உன் அம்மா ஏமாற்றியாவது ஊட்டிவிடுகிறாள். காலையில் கடை திறக்கும் முன் மொட்டை மாடியில் வெயிலில் விடுகிறோம், அங்கே காயும் துணியை எல்லாம் இழுத்துப் போட்டு மிதிக்கிறாள், பக்கத்து வீட்டம்மா தினமும் பஞ்சாயத்துக்கு வருகிறார். நம் இஸ்திரிக்காரர் இரண்டு பலகை வைத்துக் கட்டினால் நேராகிவிடும் என்றார், நானும் அளவுகோலைக் கையில் எடுத்துவிட்டேன். உன் அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள், டாக்டரும் கூடவே கூடாது என்றார். நேற்று எடுத்த எக்ஸ்ரேயில் அந்தப் பிசிறு அடங்கியிருக்கிறது. இனி வளரும்போது கால் நேராகும் வாய்ப்பு நிறைய என்கிறார், ஆனால் ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகலாம். அப்போதும் மிச்சம் இருந்தால் சின்ன ஆபரேஷன் ஒன்று உண்டாம். அதையும் உன்னிடம் மறைப்பானேன். நீயும் நாள் முழுக்க ஜன்னல் இல்லாத சரக்குக் கிட்டங்கியில்தானே வேலை பார்க்கிறாய், ஒருமுறை இரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு.

அவளை உன்னோடு அழைத்துக்கொள்ள நினைத்தால் தடுக்க மாட்டேன். அவள் இல்லாத மேசைக்கடியைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது, ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன். தெரிந்தும் மறைத்தவன் நான், பெற்றவள் நீ. உறைக்குள் நான் துணி வெட்ட அளவு வரையும் பழுப்புத் தாள் ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். அவளை அதில் படுக்கவைத்து இரண்டு காலையும் சுற்றி வரைந்தது. நீலக் கோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, முழங்கால் இடைவெளி இரண்டே முக்கால் அங்குலம். சிவப்புக் கோடு நேற்று, இரண்டேகால். ஒரு நூல்கூடக் கூட்டிக் குறைத்து எழுதவில்லை, உன் அம்மா பக்கத்தில் நின்று டேப்பைப் பிடித்தாள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடு. இன்னொன்று, அந்த ஐந்து கால்சட்டையையும் முழங்காலுக்கு மேலே வெட்டிவிட்டேன். இது கிடைத்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்படித்தான் உன் முன்னால் வந்து நிற்பாள். முதலில் அவள் காலை நன்றாகப் பார்த்துக்கொள், அப்புறம் என்னைத் திட்டு. திட்டி முடித்ததும் லீவு கேள். தாளில் மூன்றாவது கோட்டுக்கு இடம் விட்டிருக்கிறேன், அதை நீ வந்து வரைய வேண்டும்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா