கடன் வாங்கிக் கழித்தல்

ஜூலை 11, வெள்ளி

வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பில் நடந்ததைப் படத்தோடு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இந்த வருடம் வந்த புது விதி. மூன்றாம் வகுப்பு பி பிரிவில் இன்று எரிமலை வெடித்தது. அட்டையில் செய்த மலை, உள்ளிருந்து சிவப்பு நுரை, சுற்றிலும் வாய் பிளந்து நிற்கும் பிள்ளைகள். என்னுடைய ஏ பிரிவில், பத்துப் பத்தாக ரப்பர் போட்ட குச்சிக் கட்டுகள். "இந்த வாரமும் கழித்தல்" என்று எழுதினேன். வேறென்ன எழுத? அதுதானே நடந்தது.

எரிமலைக்கு இதயமாக வந்து குவிந்தது. எனக்கு இரண்டு.

பி பிரிவு ஆசிரியை என் நாத்தனார். எங்களோடுதான் இருக்கிறாள். சாப்பிடும்போது, "அண்ணி, நீங்களும் கொஞ்சம் கலரா ஏதாவது போடலாம்ல?" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் எரிச்சல்.

ஜூலை 15, செவ்வாய்

402-இலிருந்து 178. இரண்டில் எட்டு போகாது, பக்கத்து வீட்டில் கடன் கேள் என்றேன். தையற்காரர் மகள் எழுந்தாள்.

"பக்கத்து வீட்லயும் ஒண்ணுமில்ல மிஸ். பூஜ்யம்தான் இருக்கு."

வகுப்பே சிரித்தது. "அப்ப அதுக்கும் அடுத்த வீட்டுக்குப் போ."

"அவங்க எனக்கு நேரா தருவாங்களா, இல்ல பக்கத்து வீட்டுக்காரங்க கையில குடுத்துதான் நான் வாங்கணுமா?"

என்ன கேள்வி! இது புரிந்துவிட்டால் எல்லாம் புரிந்த மாதிரி. புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம்தான். நான் அவசரப்படப் போவதில்லை.

என் மகளும் இதே வகுப்பு. அவள் இதைக் கவனித்தாளா தெரியவில்லை. பக்கத்து அறையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

ஜூலை 17, வியாழன்

தலைமையாசிரியை கூப்பிட்டார். ஐந்து பெற்றோர்கள் பி பிரிவுக்கு மாற்றச் சொல்கிறார்களாம்.

"நீங்க நல்லாத்தான் சொல்லித்தர்றீங்க. யாரு இல்லேன்னது? ஆனா வெளிய தெரியணும்ல?"

எது வெளியே தெரியணும்? குழந்தையின் தலைக்குள் நடப்பதா? சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

ஐந்து பேரும் பையை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன் மிஸ்" என்றார்கள். அடுத்த அறைக்குத்தான்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று வீட்டில் சண்டை.

"பாப்பா அத்தை கிளாஸுக்குப் போகணுங்கிறா. போகட்டுமே" என்றார் இவர், செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே.

"பெத்த பொண்ணே அம்மா கிளாஸ் வேண்டாம்னு போனா ஊர்ல என்ன பேசுவாங்க?"

"அவ என்ன வேத்து ஆளா? என் தங்கச்சிதானே?"

நாத்தனார் சமையலறைத் தொட்டியில் பெயின்ட் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நான் கூப்பிடல அண்ணி. அவளா வந்தா நான் என்ன பண்றது?"

பாப்பாவைத் தனியாகக் கேட்டேன். "வீட்லயும் நீ, ஸ்கூல்லயும் நீ. எப்பப் பாத்தாலும் கணக்கு" என்றாள். முகத்தைக்கூடத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

பிரிவு மாற்றக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போகட்டும். யாருக்கு நஷ்டம்? — எனக்குத்தான். வேறு யாருக்கு?

ஆகஸ்ட் 8, வெள்ளி

தையற்காரர் மகள் 1000-இலிருந்து 463-ஐக் கழித்தாள், கரும்பலகையில், குச்சி இல்லாமல். திரும்பிப் பார்த்து, "எல்லா வீட்டுக் கதவையும் தட்டியாச்சு மிஸ்" என்றாள். இருந்த பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள். படம் எடுக்கத் தோன்றவே இல்லை. அடுத்த அறையில் காகிதப் பட்டாம்பூச்சி.

ஆகஸ்ட் 20, புதன்

இரண்டு பிரிவுக்கும் ஒரே தேர்வு. என் வகுப்புத் தாள்களை நாத்தனார் திருத்த வேண்டும், அவளுடையதை நான்.

பி பிரிவில் அந்த ஒரு கணக்கில் முக்கால்வாசிப் பேர் சறுக்கியிருந்தார்கள். 402-இலிருந்து 178 போனால் 376! மேலேயிருந்து கீழே கழிக்க முடியாவிட்டால் கீழேயிருந்து மேலே கழித்துவிட்டார்கள். சிவப்புப் பேனாவால் தப்பு போடப் போட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம். இங்கே எழுதாமல் வேறெங்கே எழுத? நன்றாக வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்புறம் ஒரு தாள். 376. ஏழுக்குக் குறுக்கே கோடு போட்டிருந்தது. அப்படிப் போட வீட்டில் நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெயரைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

தப்பு போட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மதிப்பெண் வந்ததும் குழுவில் அமளி. "பட்டாம்பூச்சியா பரீட்சை எழுதும்?" என்று எழுதியிருப்பவர், போன மாதம் எரிமலைக்கு வரிசையாக இதயம் போட்டவர். போன ஐந்து பேரும் திரும்பி வரவேண்டுமாம், கூடவே இன்னும் ஒன்பது பேர். தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். எப்போது சொன்னார்?

நாத்தனார் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இவர் என்னிடம், "நீ அவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கலாம்ல?" என்கிறார். எல்லாம் என் தலையில்தான் விடியும்.

ஆகஸ்ட் 27, புதன்

இரண்டு நாளாகப் பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நேற்றே பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று பிள்ளைகள் திரும்பி வரும் நாள். காலையில் பாப்பாவுக்குத் தலை வாரிவிட்டபடி, "இன்னிக்கு என்கூட ஏ பிரிவுக்கு வந்துடு" என்றேன்.

"நான் வரலம்மா. அத்தை பாவம். நானும் வந்துட்டா அவங்க அழுவாங்க."

சீப்பு நின்றுவிட்டது. "அப்ப நான்?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்: "நீதான் அழமாட்டியே."

பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டேன். பள்ளியில் அவள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குள் போனாள். பாதி பெஞ்சுகள் காலியாக இருந்தன.

என் வகுப்பில் உட்கார இடமில்லை. இரண்டு பேரைத் தரையில் உட்காரவைத்துப் பெருக்கல் ஆரம்பித்தேன்.