இரண்டு மீட்டர், இரண்டு அடுப்பு

மே 6, செவ்வாய்

காலையிலேயே அனல். காற்றும் சுடுகிறது. உப்பளத்துக்காரர்களுக்குக் கொண்டாட்டம், எனக்குத் தலைவலி. உப்பு மண்டியில் லாரி மேல் லாரி. பில் போட்டுப் போட்டு விரல் வீங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் மாமா (இவருடைய அண்ணன்) கூடத்தில் குதித்துக்கொண்டிருக்கிறார். கரண்டு ஆபீஸ் நோட்டீஸ். ஒரே வீட்டில் ரெண்டு மீட்டர், ஒன்றாகச் சேர்க்கப்போகிறார்களாம். மாமனார் காலத்திலேயே அண்ணன் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று. யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். ரெண்டையும் கூட்டினால் நேராக மேல் ஸ்லாப். இலவச யூனிட்டில் ஒரு பங்கு போச்சு. ரெண்டு ரூமிலும் ஏ.சி. வேறு.

தனித்தனிக் குடும்பம் என்று காட்டினால் விட்டுவிடுவார்களாம். தனி ரேஷன் கார்டு, இருக்கிறது. தனிச் சமையலறை, இல்லை.

செல்வி அக்கா, என் ஓரகத்தி, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: பின்னால் சாக்கு போட்டிருக்கும் ரூமில் ஓர் அடுப்பு வைத்தால் ஆச்சு, நானே போகிறேன் என்று. எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்தது.

மே 7, புதன்

லீவு. சாக்கெல்லாம் வெளியே. உள்ளே போனவை: ஒற்றை பர்னர் அடுப்பு, சின்ன குக்கர், தாளிப்புக் கரண்டி, பழைய அஞ்சறைப் பெட்டி. மிக்ஸி அதிகாரி வரும் நாளில் மட்டும் அங்கே.

குழாயடியில் எதிர்வீட்டுக்காரி, "ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டீங்களாமே?" கரண்டுக்காகத்தான் என்றேன். தலையை ஆட்டினாள், நம்பவில்லை. போகட்டும், வாய்க்கு அவல் கிடைத்தது அவளுக்கு.

மே 9, வெள்ளி

அதிகாரி வந்து போனார். நல்ல மனுஷர்தான், கண்தான் பொல்லாதது. குக்கரைத் தூக்கிப் பார்த்து, புதுசு மாதிரி இருக்கிறதே என்றார். அக்கா அசரவில்லை.

"எனக்கும் இவளுக்கும் ஒத்து வரலீங்க சார். கொழம்புல உப்பு தூக்கலா போடுவா. எங்க வீட்டுக்காரருக்கு பிரஷர். எத்தினி நாளு சொல்றது? தனியா வந்துட்டேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டேன். அதுவும் பொருத்தமாகத்தான் அமைந்தது. தனி வீட்டு வரி ரசீது கொண்டு வாருங்கள், சொல்லாமல் இன்னொரு தடவை வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை அக்கா பின்னாலேயே சமைக்கட்டும் என்று மாமா முடிவு.

இவர் விசிலடித்தார். நானும் கைதட்டினேன். ஆனால் மாமாவுக்குப் பிரஷர் இருப்பது பொய்யில்லை. ஆறு வருஷமாகக் குழம்பு என் வேலை, மற்றதெல்லாம் அக்கா.

மே 13, செவ்வாய்

அளவு பிடிபடவில்லை. இன்றைக்கும் நாலு பேருக்கு வடித்துவிட்டேன். ரெண்டு பேருக்கு இவ்வளவு எதுக்கு என்று இவர். எரிந்து விழுந்தேன்.

பின்னாலிருந்து தாளிக்கும் வாசனை. அக்கா பாடுகிறார். என் பக்கத்தில் நின்று சமைத்தபோது ஒரு நாளும் பாடியதில்லை.

மே 20, செவ்வாய்

வரி ரசீதுக்காகப் பேரூராட்சி ஆபீஸ். ஃபேன் என் தலைக்கு மேல் மட்டும் ஓடவில்லை. கிளார்க் அம்மா பொறுமையாகச் சொன்னார். மெயின் ரோட்டுக்கு ஒரு ரேட்டு, உள்தெருவுக்கு ஒரு ரேட்டு. அதைச் சதுர அடியால் பெருக்கி, ஓட்டு வீடா தளம் போட்டதா என்று பார்த்து, அரையாண்டுக்கு ஒரு வரி. ரேட்டைக் கவுன்சிலர்கள் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். கரண்டு ரேட்டு இவர்கள் கையில் இல்லை, அது சென்னையில் ஆணையம். கருத்தெல்லாம் கேட்பார்களாம். எங்களை யார் கேட்டார்?

வீட்டைப் பிரித்தால் கதவு எண் ரெண்டு, தண்ணீர்க் கட்டணம் ரெண்டு, குப்பைக் கட்டணமும் ரெண்டு. கரண்டு ஆபீஸில் தனி, இங்கே ஒன்று என்றால் எப்படிம்மா என்றார். நியாயம்தானே.

பஸ் ஸ்டாண்டில் நின்று கணக்குப் போட்டேன். கரண்டில் மிச்சம் பிடிப்பது வரியில் போய்விடும். மனசு துள்ளியது. எழுதவே வெட்கம், ஆனால் துள்ளியது. அடுப்பைத் தூக்கிவிடலாம். உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். அக்காவுக்குப் பிடிக்கும் என்று மசால் வடை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

லாபமே இல்லை அக்கா, மீட்டரைச் சேர்த்துவிடட்டும், முன்னாடி வந்துவிடுங்கள் என்றேன். அக்கா கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"வரியில என் பங்க நான் கட்டிக்கறேன் ரேவதி. நான் பாட்டுக்கு பொங்குறேன், நான் பாட்டுக்கு கழுவி வைக்கிறேன். நல்லாத்தான் இருக்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வடையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மே 21, புதன்

மண்டியில் ரெண்டு பில் தப்பு. என்ன செய்தேன் நான்? உப்பு. மிக்ஸியை நான்தான் முதலில் எடுப்பேன். வேலைக்குப் போகிற அவசரத்தில் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். ஒரு தடவையாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாமே இந்த அக்கா. சொன்னாரோ? அதிகாரியிடம் சொன்னார்.

இவரிடம் சொன்னேன். அண்ணி சும்மா சொல்லியிருப்பாங்க, விடு என்று லாரி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 24, சனி

மேகமூட்டம். உப்பளத்துக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. சங்கரா மீன் வாங்கினேன். குழம்பில் உப்பு பாதி. ஒரு கிண்ணம் பின்னால் கொண்டுபோனேன். அக்கா தொட்டு நக்கிப் பார்த்தார். நல்லா இருக்குது என்றார். நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கிண்ணம் வந்தது. கழுவித் துடைத்து, அடியில் ஒரு பிடி சர்க்கரை. வெறும் கிண்ணமாகத் திருப்பக் கூடாது என்று எதிர்வீட்டுக்காரிக்குத்தான் அப்படிப் போட்டுக் கொடுப்போம்.