மாப்பிள்ளையின் பங்குப் பால்

2025 ஜூலை 2, புதன்

இன்றும் சுறாப் புட்டு. தொடர்ந்து நாலாவது நாள். பால் ஊறுமாம். எனக்கு என்ன ஊறுகிறதோ தெரியாது, முல்லா வீதிப் பூனைகளுக்கு மட்டும் என்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

சுமையாவுக்கு இன்றோடு இரண்டு மாதம். குடிக்கிறாள், அழுகிறாள், மறுபடி குடிக்கிறாள், மறுபடி அழுகிறாள். போதவில்லையோ? கேட்டால் மாமி அடுத்த சுறாவுக்கு ஆள் அனுப்பிவிடுவார். கேட்கவில்லை.

என் நாத்தனார் லமீஸ் உழவர்கரையிலிருந்து ஐந்து மாதப் பையனோடு வந்து இறங்கியிருக்கிறாள். அவள் வீட்டில் டைல்ஸ் மாற்றுகிறார்கள், ஒரு மாதம் இங்கேதான். பையன் பெயர் ரய்யான். தொடை ஒவ்வொன்றிலும் மூன்று மடிப்பு. மாமி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, 'மாப்புள்ள'தான். சுமையா பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் வைத்துப் பேசி முடித்துவிட்டார்: மகள் பெற்ற பேரனுக்கு மகன் பெற்ற பேத்தி. எனக்குப் போட்ட தையல்கூடப் பிரிக்கவில்லை, சம்பந்தம் முடிந்துவிட்டது. வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தேன். மாமி வேடிக்கையாக எதுவும் பேசுவதில்லை என்று இப்போது தெரிகிறது.

ஜூலை 4, வெள்ளி

பூர்ணிமா டாக்டர் சுமையாவை எடை போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி ஒரு தடவை போட்டார். ஏறவேண்டிய அளவில் பாதிகூட ஏறவில்லை. "தாய்ப்பால நிறுத்தாதீங்க. குடுத்து முடிச்சதும் மேல கொஞ்சம் பவுடர் பால் குடுங்க. முதல் ஆறு மாசத்துக்குன்னு போட்டது எதுவா இருந்தாலும் சரி. நீங்க எந்தத் தப்பும் பண்ணல ரமீஜா" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.

மாமி அங்கே வாயைத் திறக்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும் திறந்தார். "டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. நாலு பெத்தேன். ஒண்ணுக்கும் டப்பா பாலு காட்டல. எங்கூட்டுக்குள்ள அந்த மாவுக் கரைசல் வந்ததில்ல, வரவும் வராது."

புள்ள பசியில கத்துறா, இவங்களுக்குக் கவுரவம் பெருசாப் போச்சு. எனக்கு என்ன பால் இருந்தும் ஒளிச்சா வெச்சிருக்கேன்?

ஜூலை 5, சனி

அனஸை ரகசியமாக மருந்துக் கடைக்கு அனுப்பினேன். என் கணவர் நோணாங்குப்பம் படகுத் துறையில் டிக்கெட் கொடுப்பவர். நாள் முழுக்கக் கூட்டத்துக்குப் பதில் சொல்லியே பழகியவர், தனியாக ஒரு முடிவு எடுக்கச் சொன்னால் வேர்த்துவிடும். கடையில் ஒரு அலமாரி நிறைய டப்பாக்களாம். ஒன்றிலும் குழந்தைப் படம் இல்லையாம், எல்லாவற்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பராம். ஒன்றில் மூளைக்கு ஏதோ, ஒன்றில் வயிற்றுக்கு ஏதோ. மனிதர் என்ன செய்தார்? எல்லா டப்பாவையும் போட்டோ எடுத்து, எது நல்லது என்று எனக்கு அனுப்புவதாக நினைத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டார்.

மாமியும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறார்.

"அத வாங்கிட்டு வந்தா, டப்பாவும் நீயும் வாசல்லயே நில்லுங்க" என்று போனில் சொன்னாராம். அனஸ் முருங்கைக்கீரையோடு வீடு வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் எதிர்வீட்டு புருஷோத்தமன் சார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர், விஷயம் கேள்விப்பட்டு ஒரு டப்பாவோடு வந்தார். பாரீசிலிருந்து வந்த மகள் விட்டுப்போனதாம். "மாதாம், இது பிரான்சு சரக்கு, ஒண்ணும் பண்ணாது." மாமி மரியாதையாகக் கையில் வாங்கி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அவர் படியிறங்கியதும், "எந்த ஹராம் கொழுப்பப் போட்டு வெச்சிருக்கானோ" என்றார்.

ஜூலை 7, திங்கள்

நான் குளித்துக்கொண்டிருந்தபோது சுமையாவின் அழுகை கேட்டது. பிறகு நின்றுவிட்டது. பயந்து ஈரத்தலையோடு ஓடிவந்தால், லமீஸ் மடியில் என் மகள். ஒரு பக்கம் ரய்யான், மறு பக்கம் இவள். "ரொம்பக் கத்துனா மச்சி, மனசு கேக்கல. எனக்குத்தான் நெஞ்சு வலிக்கிற அளவுக்குப் பால் கட்டிக்கிட்டு இருக்கே."

சுமையா கை விரல்களை விரித்தபடி தூங்கினாள். என்னிடம் குடிக்கும்போது விரல்கள் எப்போதும் மூடியே இருக்கும். கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நன்றியாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வருமோ, வந்தது.

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் லமீஸ் ஒரு தடவை கொடுத்தாள். சாப்பாட்டில் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். மாமனார் ஹிதாயத்துல்லா மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, பேன் சத்தத்தைப் பற்றிப் பேசுவது போல, "பாத்துக்கங்க. நம்ம மத்ஹபு சட்டப்படி ஒருத்திகிட்ட அஞ்சு தடவ வயிறார பால் குடிச்சிட்டா, அவ பெத்ததும் குடிச்சதும் அண்ணன் தங்கச்சி. அப்பறம் நிக்காஹ் கெடையாது" என்றார்.

மாமியின் கரண்டி என் தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"எத்தன ஆச்சு?"

"ரெண்டும்மா" என்றாள் லமீஸ்.

குழம்பு என் தட்டில் விழவே இல்லை.

ஜூலை 9, புதன்

அந்தக் கரண்டி நின்ற நிமிஷத்திலிருந்து எனக்குள் ஒரு குட்டி ஷைத்தான் உட்கார்ந்துகொண்டான். அண்ணன் தங்கை ஆக்க வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசை இல்லை. எனக்குத் தேவை ஒரு டப்பா. அது உள்ளே வராமல் மாமி வாசலில் நிற்கிறார். மாமியை யார் நகர்த்துவது? மாப்பிள்ளைதான் நகர்த்த வேண்டும்.

பாத்திரம் தேய்க்கும்போது லமீஸிடம் சொன்னேன். நான் பாதி சொல்வதற்குள் அவள் மீதியைச் சொல்லிவிட்டாள். இந்த வீட்டில் இவ்வளவு புத்திசாலியை வெளியே கட்டிக்கொடுத்துவிட்டார்களே.

ஜூலை 10, வியாழன்

மூன்று. கூடத்திலேயே, மாமி கண்ணெதிரே. "புள்ள கத்துதும்மா, வேற என்ன பண்றது, டப்பாவும் இல்ல" என்று லமீஸ் பெருமூச்சு விட்ட அழகைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

நான்கு.

ஜும்ஆ தொழுகைக்குப் போன ஆண்கள் திரும்பி வருவதற்குள் மாமி பர்தாவை மாட்டிக்கொண்டு தானே ஆட்டோ பிடித்தார். எங்கே என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. திரும்பி வந்தபோது கையில் பை. பையில் டப்பா. ஒன்றல்ல, இரண்டு.

"ஒண்ணாம் நம்பருதானான்னு கடக்காரங்கிட்ட மூணு தடவ கேட்டுட்டேன். பச்சைப் புள்ளியும் இருக்கு, கொழுப்பு கிழுப்பு கெடையாது." பிறகு லமீஸ் பக்கம் திரும்பி, "நீ இனிமே இவளத் தூக்காத" என்றார்.

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். லமீஸுக்கு அந்த வசதியும் இல்லை, மாமி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள் பாவம்.

ஜூலை 12, சனி

நான் கொடுத்துவிட்டு மேலே பாட்டிலில் கொடுக்கிறேன். முகத்தைச் சுளித்தாள், பிறகு குடித்தாள். குடித்துவிட்டு, ஆச்சரியம், அழவில்லை.

கொழுகொழுவென்று வரட்டும் என்று மாமி ஒரு கரண்டி கூடப் போடப் பார்த்தார். டப்பாவில் போட்டிருக்கிற அளவுதான் போட வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "எப்படியோ, பசு மாடு நமக்குச் சம்பந்தி ஆவப்போறதில்ல. அது போதும்."

ஜூலை 13, ஞாயிறு

என்ன எழுதுவது.

பிள்ளை பெற்ற பிறகு டாக்டரிடம் தவிர வெளியே எங்கும் போனதே இல்லை என்று, சுமையாவை மாமியிடம் விட்டுவிட்டு, அனஸ் வேலை முடிந்து வந்ததும் ஸ்கூட்டரில் கடற்கரைக்கு அழைத்துப் போனார். நாளைக்குப் பிரெஞ்சு தேசிய தினம், அதனால் இன்று விளக்கு ஊர்வலம். ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். சுறா வாசனை இல்லாத ஒரு பொருள். திரும்பலாம் என்றால் தெருவை மறித்துவிட்டார்கள். வண்டியை உருட்டிக்கொண்டு சுற்றி வர நேரமாகிவிட்டது. என் சட்டை இரண்டு பக்கமும் நனைந்துபோனது, வீட்டில் அழுகிறாள் என்று அப்போதே தெரிந்தது.

வீட்டில் சத்தமே இல்லை. சுமையா தூங்குகிறாள். விரல்கள் விரிந்திருக்கின்றன. மேஜையில் பாட்டில், நிறைய, அப்படியே. மாமி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"பாட்டில் அப்படியே இருக்கே மாமி?"

"குடிக்கல. உன் கையில குடிக்கிறா, என் கையில துப்புறா. பாலாடையில ஊத்துனேன், அதையும் துப்பிட்டா. உங்க மாமா தூக்கிக்கிட்டு நடந்தாரு. தொண்ட கட்டிப் போச்சு புள்ளைக்கு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன. பசிக்குதுல்ல." அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டார்.

லமீஸ் பிறகு அடுப்படியில் சொன்னாள். மாமி தானே சுமையாவைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாராம். இவள் பதறிப்போய், "அம்மா, இது அஞ்சாவதும்மா" என்றாளாம். மாமி, "எனக்கு எண்ணத் தெரியாதா? குடு" என்றாராம். குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து சுமையாவின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தாராம்.

நான் ஜெயிச்சுட்டேன்னு ரெண்டு நாளா என்ன ஆட்டம் ஆடுனேன். எண்ணிக்கைய வெச்சு அவங்கள மடக்கினது நான். புள்ள அழுதப்போ எண்ணிக்கையத் தூக்கிப் போட்டது அவங்க. அழுகையா வருது. அவங்ககிட்ட போய் என்னன்னு சொல்றது?

ஜூலை 14, திங்கள்

புருஷோத்தமன் சார் காலையிலேயே மெடல்கள் குத்திக்கொண்டு அணிவகுப்புக்குக் கிளம்பினார். மாமி வாசலில் நின்று பார்த்தார்.

மதியம் தட்டில் சுறாப் புட்டு. கேட்டு இன்னொரு தடவை போட்டுக்கொண்டேன். மாமி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நடிக்காத, போதும்" என்றார். எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்கத் துணிவில்லை.

ஜூலை 19, சனி

பாட்டிலில் மாமி கையாலும் குடிக்கிறாள். மாமி மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பூர்ணிமா டாக்டர் இந்த முறை ஒரே தடவைதான் எடை போட்டார். நன்றாக ஏறியிருக்கிறாள். அழுகை இப்போது வேறு காரணங்களுக்கு, உதாரணமாக அவள் அப்பாவின் பாட்டு.

மாமி தெருவில் பிள்ளை பெற்றவர்களுக்கு வகுப்பே எடுக்கிறார். கரண்டியைக் குமித்து அள்ளக் கூடாது, கத்தி முதுகால் மட்டம் தட்ட வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். "நாந்தான் பாத்து வாங்குனேன்" என்கிறார். அது பொய்யும் இல்லை.

காரைக்காலில் மாமியின் தம்பி வீட்டில் பேத்தி பிறந்திருக்கிறாள். லமீஸ் அடுத்த மாதம் பார்க்கப் போகிறாள். அவளுக்கு இன்றே எச்சரிக்கை: "போற எடத்துல புள்ள அழுதா, பெத்தவகிட்ட குடு. நீ பாட்டுக்குக் குடுத்துட்டு வராத. எம்பேரனுக்குப் பொண்ணே இல்லாமப் பண்ணிடுவ போலருக்கு."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டைல்ஸ் வேலை முடிந்து லமீஸ் இன்று கிளம்பினாள். பைகளை ஆட்டோவில் ஏற்றியாயிற்று. மாமி சுமையாவைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ரய்யான் ஆட்டோவிலிருந்து அவள் காலைப் பிடித்து இழுத்தான், விடமாட்டேன் என்றான்.

மாமி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு சுமையாவின் கையைப் பிடித்து அவனுக்கு ஆட்டிக் காட்டினார்.

"அண்ணன் வீட்டுக்குப் போறான் பாரு. அண்ணனுக்கு டாட்டா சொல்லு."