பனிப்புகாரில் ஓடிய மூன்றாம் இலக்கம்

என் செல்ல மச்சான் குகனுக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன்னுடைய பழைய ரக்பிச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே போன வயிறு வெளியே வர மறுத்துவிட்டது. உன் அக்கா கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"இப்ப சட்டையை வெட்டுறதோ, உங்களை வெட்டுறதோ?"

மூச்சை அடக்கி, இரண்டுக்கும் சேதமில்லாமல் கழற்றினோம். முதுகிலிருந்த உன் இலக்கம், அந்தப் பெரிய மூன்று, இன்னும் மங்கவில்லை.

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. உன் வான் வண்டி வாசலில்தான் நிற்கிறது. அதன் கண்ணாடியில் படியும் பனியைக் காலையில் நான்தான் வழிக்கிறேன். அது எங்கே போகப்போகிறது, சொல்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி நினைவிருக்கிறதா? ரக்பியைச் சம்பளத்துக்கு ஆடலாம் என்று அப்போதுதான் விட்டிருந்தார்கள். பிறம்ரன் கிடங்கொன்றில் பெட்டி தூக்கிக்கொண்டு, கண்டிப் பள்ளிக்கூடத்தில் பழகிய ஆட்டத்தை ஸ்காபரோ மைதானத்தில் சும்மா ஆடிக்கொண்டிருந்தாய். வேல்ஸில் ஒரு கிளப், 'ஆட்டத்தை வீடியோவில் அனுப்பு, பிடித்தால் எடுக்கிறோம்' என்றது. அந்தப் பருவத்தில் மிச்சமிருந்ததோ ஒரே ஓர் ஆட்டம். ரொறன்ரோவில் எனக்குத் தெரிந்த கமராக்காரரும் ஒரே ஒருவர்தான். கலியாணவீடும் சாமத்தியவீடும் எடுக்கும் மணியண்ணை.

அன்றைக்கென்று பனிப்புகார். மைதானமே இல்லை. ஆட்கள் பாலுக்குள் கரைந்தார்கள், பிறகு திரும்ப உருவாகி வந்தார்கள். இரண்டு பக்கமும் தோள் கோத்து முட்டியபோது எல்லோருடைய மூச்சும் ஒன்றாகி, புட்டுப்பானை ஆவி போல மேலே போனது.

"தம்பிமார், ஒருக்கா எல்லாரும் கமராவைப் பாருங்கோ!" என்றார் மணியண்ணை.

பிறகு அந்த ஓட்டம். பந்து எங்கிருந்தோ கழன்றது. ஒருவன் அதை அணைத்தபடி வெண்மைக்குள் ஓடினான். அவன் கால் நிலத்தில் பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. கோட்டைத் தாண்டி விழுந்து பந்தை மண்ணில் வைத்தான். "எங்கட குகன்!" என்று கத்தினேன். கையிலிருந்த கோப்பி காலில் கொட்டியது.

"தம்பி, குகனை இன்னொருக்கா ஓடச் சொல்லுங்கோ. வெளிச்சம் காணாது" என்றார் மணியண்ணை என்னிடம்.

"இது தாலிகட்டே அண்ணை, திரும்ப எடுக்க?" என்று உன் அக்கா பாய்ந்தாள்.

மணியண்ணை தந்த கசற்றில் அந்த ஓட்டத்தின்மேல் ரோஜா இதழ்கள் சொரிந்தன. ஓடுகிறவனின் முதுகை மறைத்துக்கொண்டு 'குகன்' என்று பொன்னெழுத்து மின்னியது. திருத்த நேரமில்லை, அப்படியே அனுப்பினோம். உன்னை எடுத்துவிட்டார்கள்!

"அத்தான், காசும் தந்து முட்டச் சொல்லுறாங்கள், நம்புவியளே?" என்று வேல்ஸ் மழைக்குள்ளிருந்து ரெலிபோனில் சிரித்தாய். முழங்கால் போகும்வரை முட்டினாய். முட்டுப்பட்டு நசுங்கி, பிசைந்த மாவுருண்டை போலாகிவிட்ட இரண்டு காதுகளோடு திரும்பி வந்தாய். அந்தக் காதுகளைப் படத்தில் மறைத்து உனக்குப் பெண் பார்க்க நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

அதற்குப் பிறகு எத்தனை பிறந்தநாள் விருந்துகளில் அந்த ஓட்டத்தைச் சொல்லியிருப்பேன்! சொல்லச் சொல்ல மைதானம் நீண்டுகொண்டே போனது. நீயோ றோல்ஸைக் கடித்தபடி, "அத்தான், இன்னொருக்கா சொல்லுங்கோ" என்று சிரிப்பாய். ஏனடா அப்படிச் சிரித்தாய்?

இப்போது உன் மகள் கேட்கிறாள், "மாமா, அப்பா ஓடினதை நான் பாக்கோணும்." கசற்றைக் கணினிக்கு மாற்றியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். காட்டுவேன் மச்சான், சத்தியமாய். மைதானத்தில் ஓரடியும் குறைக்காமல் கதையும் சொல்வேன்.

நேற்றுத் தனியே இருந்து, பொன்னெழுத்து விழுவதற்கு ஒரு கணம் முன்னால் நிறுத்திப் பார்த்தேன். ஓடுகிறவனின் முதுகில் எட்டு. உன் மூன்று, புகார் கொஞ்சம் விலகிய மைதானத்தின் மறுகரையில் குனிந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருக்கிறது.

உன் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு,
உன் அத்தான்