நான் டிக் போட்ட கட்டம்

மார்ச் 3, செவ்வாய்

மன்னித்துக்கொள், நோட்டே. மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. இந்த நேரத்தில் உன்னை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாளைக்கு முகம் வீங்கித்தான் எழுந்திருப்பேன். ஆனால் பொம்மு இப்போதுதான் தூங்கினாள். அவள் முழித்திருக்கும்போது பேனாவைத் திறந்தால் அது நேராக அவள் வாய்க்குத்தான் போகும்.

இவர் வேலையாக வெளியூர் கிளம்பி இரண்டு நாள். புது மெஷினை மாட்டி ஓட்டிக் காட்டிவிட்டு இருபத்திரண்டாம் தேதி வருவார். இருபத்தெட்டாம் தேதி இவருடைய அம்மா, அத்தை, வருகிறார். முப்பதாம் தேதி பொம்முவுக்கு ஒரு வயது. ஏப்ரல் ஒன்று, நான் மறுபடி தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். பகலில் பொம்முவை அத்தைதான் பார்த்துக்கொள்ளப் போகிறார். அத்தை வரவில்லையென்றால் வேலையும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

எல்லாவற்றையும் போன் நாள்காட்டியில் கலர் கலராகப் போட்டிருக்கிறேன். இவருக்கு நீலம், எனக்குப் பச்சை, பொம்முவுக்கு மஞ்சள். "நீ மூச்சு விடுறதுக்கும் அதுல ஒரு நேரம் போட்டு வெச்சிருப்ப" என்று இவர் சிரிப்பார். போட்டால்தான் என்ன? எழுதி வைத்துவிட்டால் பயம் கொஞ்சம் அடங்குகிறது.

மார்ச் 5, வியாழன்



மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன். ஏதோ போட்டோ ஸ்டுடியோவாம். மரியாதையான குரல். "மேடம், பொம்மு பாப்பாவுக்கு முப்பதாம் தேதி பர்த்டே வருதில்ல? வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவோம்."

பொம்மு என்பது வீட்டில் மட்டும் கூப்பிடும் பெயர். சர்டிபிகேட்டில்கூடக் கிடையாது.

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "தெரிஞ்சவங்கதான் மேடம்." அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "சார் இப்ப ஊர்ல இல்லன்னாலும் ஒண்ணும் பிரச்சனை இல்ல. இந்த வாரமே ஒரு நாள் வந்து வெளிச்சம் எப்படியிருக்குன்னு பாத்துட்டுப் போறோம்."

போனை வைத்துவிட்டேன். கதவு பூட்டியிருக்கிறதா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். இவர் ஊரில் இல்லை என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? எங்கேயிருந்து?

பொம்மு தூங்குவதைச் சமையலறையிலிருந்து போனில் பார்ப்பதற்காகத் தொட்டிலுக்கு மேலே ஒரு கேமரா வாங்கி மாட்டினோமே — அதை நிமிர்ந்து பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

மார்ச் 6, வெள்ளி

கேமராவுக்குப் பொம்முவின் சாக்ஸை மாட்டிவிட்டேன். தூங்கவில்லை.

மார்ச் 7, சனி

கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிற என் தம்பியை வீடியோவில் பிடித்தேன்.

"வைஃபை பாஸ்வேர்ட் என்ன வெச்சிருக்க?"

"பொம்மு பேரும் அவ பொறந்த தேதியும். உன் மாமா ஆசையா வெச்சது."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டியிருக்கு."

நெற்றியில் அடித்துக்கொண்டான். "இதுல நீ எம்.எஸ்ஸி கெமிஸ்ட்ரி வேற!"

"கெமிஸ்ட்ரில பாஸ்வேர்டுக்கு பாடம் இல்லடா, சும்மா இரு."

ரூட்டரைத் திருப்பி, ஸ்டிக்கரில் இருப்பதைப் போட்டு உள்ளே போகச் சொன்னான். எது எது இணைந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் வந்தது. என் போன், லேப்டாப், டிவி, கேமரா. ஐந்தாவதாக, வேறு ஏதோ கம்பெனி பெயரோடு இன்னொரு போன். எங்கள் வீட்டில் அந்தக் கம்பெனி போனே கிடையாது.

 தம்பி கிண்டலை நிறுத்திவிட்டான்.

அவன் சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்தேன். ரூட்டருக்குள் போகிற பாஸ்வேர்ட் வேறு, வைஃபை பாஸ்வேர்ட் வேறு என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். முதலாவது, கம்பெனியிலிருந்து வந்தபடியே இரண்டு வருஷமாகக் கிடந்திருக்கிறது. இரண்டையும் மாற்றினேன். வைஃபைக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தை. பட்டனை அமுக்கினாலே உள்ளே சேர்த்துக்கொள்கிற வசதியை நிறுத்தினேன். ரூட்டரும் கேமராவும் மாசக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த அப்டேட்டைப் போட்டேன். கேமராவுக்குத் தனி பாஸ்வேர்ட். வெளியாட்களுக்கென்று தனியாக ஒரு வைஃபை. ஃப்ரிட்ஜ் சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

"இப்ப லிஸ்ட்ல எத்தனை?"

"நாலு."

"போய்த் தூங்குக்கா."

மார்ச் 8, ஞாயிறு

காலையில் கதவைத் தட்டும் சத்தம். கீழ்வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிற அக்கா, கழுத்தில் இஞ்ச் டேப்போடு.

"ஏம்மா, உங்க நெட்டு நேத்துலேருந்து வரலியே, ரிப்பேரா?"

 "உங்களுக்கு யாருக்கா குடுத்தா?"

"நல்லா கேட்ட போ! பாப்பாவுக்கு ஜுரம்னு ஓடி வந்தியே, டாக்சி புக் பண்ண என் போன்ல நெட்டு இல்லன்னதும் நீயேதானே போட்டுக் குடுத்த? அப்பலேருந்து சீரியல் எல்லாம் உன் புண்ணியத்துலதான் ஓடுது."

சிரிப்பு வந்துவிட்டது. வெளியாட்களுக்கான வைஃபையைப் போட்டுக் கொடுத்தேன். சிரிப்பு அவர் படி இறங்கும்வரைதான். ஐந்தாவது போன் யாருடையது என்று தெரிந்துவிட்டது. அப்படியென்றால் ஸ்டுடியோக்காரருக்குச் சொன்னது யார்?

மார்ச் 10, செவ்வாய்

தெரிந்துவிட்டது.

"உன் காலண்டர் லிங்கை அனுப்பு" என்றான் தம்பி. அனுப்பினேன். அவன் கீபோர்டைத் தட்டுவது கேட்டது.

"அக்கா, லேப்ல ஒரு பொது கம்ப்யூட்டர்ல திறந்திருக்கேன். எந்த அக்கவுண்ட்லயும் நுழையல. உன் வீடு மொத்தமும் தெரியுது." படித்தான். "மாமா ஊரில் இல்லை, ஒண்ணுலேருந்து இருபத்திரண்டு. பன்னெண்டாம் தேதி பத்து மணி, பொம்மு ஊசி, வீட்டில் யாரும் இல்லை. குழாய் ரிப்பேர்காரர் வருவார், சாவி வாசல் பச்சை ஷூவுக்குள், சந்தேகம்னா இந்த நம்பர் — உன் நம்பரேதான்... இதை நீதான் எழுதினியா?"

நான்தான். நவம்பரில் அத்தைக்கும் நாள்காட்டி தெரிய வேண்டும் என்று சேர்த்துவிட்டேன். அவர் தன் பாஸ்வேர்டை நாலு தடவை மறந்தார். இடுப்பில் பொம்மு கத்திக்கொண்டிருந்தாள். 'லிங்க் உள்ள எல்லோரும் பார்க்கலாம்' என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் போட்டு, லிங்கை அனுப்பிவிட்டு, அப்பாடா என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

அத்தையிடம் போனில் கேட்டேன். "நம்ம வாக்கிங் குரூப்ல போட்டிருக்கேனே! பேத்தி என்னா பிஸின்னு எல்லாரும் பாக்கட்டும்னு. போட்டோ எடுக்கிற பையன்கூட அதுல இருக்கான், நல்ல பையன்." பெருமை குரலில் வழிந்தது. அந்தக் குரூப்பில் நூற்று அறுபது பேர்.

டிக்கை எடுத்தேன். ஊசியை வேறு நாளுக்கு மாற்றினேன். பச்சை ஷூவிலிருந்து சாவியை எடுத்துவிட்டேன். ஆனால் பார்த்தவர்கள் பார்த்ததுதான். வைஃபைக்கு நாலு பூட்டு போட்டேனே, பழைய பாஸ்வேர்டே அந்த நாள்காட்டியில் பொம்மு பெயரும் பிறந்தநாளுமாகத் திறந்து கிடந்திருக்கிறது!

ராத்திரி இவர் கேட்டார், "அம்மாவா குரூப்ல போட்டாங்க?"

ஆமாம் என்றேன். அது உண்மைதான். பாதி உண்மை.

மார்ச் 11, புதன்

இவர் குடும்பக் குரூப்பில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதிவிட்டார்: "அம்மா, இனிமே போன்ல எதையும் தொடாதீங்க. உங்களால வீடே ஆபத்துல மாட்டியிருக்கு." நாத்தனார் மட்டும் ஒரு சிரிப்பு பொம்மை போட்டிருந்தாள். நான் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

அத்தை மூன்று நாளாகக் கூப்பிடவில்லை. தினமும் ஆறு மணிக்குப் பொம்முவைப் பார்க்காமல் இருக்கவே மாட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

அத்தையிடமிருந்து ஒரே வரி. "முட்டி வலி. 28 வர முடியாது. வேற ஆள் பார்த்துக்கோ."

வேறு ஆளா? பதினாறு நாளில் எங்கே போய்த் தேடுவேன்? — ஏய், முதலில் உனக்கு அதுதான் தோணுதா? அந்த அம்மா அங்கே தனியா உக்காந்து அழுதிருப்பாங்களேன்னு தோணலையா உனக்கு?

மார்ச் 16, திங்கள்

டிக் போட்டது நான்தான் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.  "இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். கூடாதா? சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அத்தைக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். மூன்று தடவை அழித்து எழுதியது.

"அத்தை, அந்தக் கட்டத்துல டிக் போட்டது நான். நீங்க இல்ல. உங்களுக்கு நிதானமா சொல்லிக் குடுக்கப் பொறுமை இல்லாம, வேலை முடிஞ்சா போதும்னு போட்டேன். சாவி எங்க இருக்குன்னு எழுதினதும் நான்தான். உங்க பிள்ளை உங்களைத் திட்டினப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாருங்க, அது எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு. அவர்கிட்ட சொல்லிட்டேன். குடும்பக் குரூப்லயும் இப்பதான் போட்டேன், பாருங்க.

நாள்காட்டியைப் புதுசா போட்டிருக்கேன். மூணே பேர். உங்களுக்கு ஆரஞ்சு கலர். மெயில்ல ஒரு அழைப்பு வந்திருக்கும், 'சரி'ன்னு ஒரு தடவை தொட்டா போதும். பாஸ்வேர்ட் நீங்களே வைங்க, எனக்குக்கூடச் சொல்லாதீங்க. மறந்தா மாத்திக்கலாம். நாப்பது தடவை மறந்தாலும் நான் கூட உக்காந்து மாத்தித் தரேன்.

இருபத்தெட்டாம் தேதியிலேருந்து உங்க பேரை நான் எடுக்கல. நிஜமாவே முட்டி வலின்னா சொல்லுங்க, ஆபீஸ்ல இன்னும் ஒரு மாசம் கேட்டுப் பாக்குறேன். வலி வேற எங்கயோன்னா, திட்டுறதுக்காவது கூப்பிடுங்க. ஆறு மணியானா பொம்மு தவழ்ந்து போய் போன்கிட்ட உக்காந்துக்கிறா.

சீக்கிரம் பதில் போடுங்க அத்தை."